கூதிர்க்காலத்து மலைநடையும் அநர்த்த தண்டமும்

ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர்க்காலம் என்று தமிழ் மரபு வகுத்துள்ளது. கடற்கரையினின்று விலகி உள்நாட்டில் அமைந்த மதுரை, ஆரணி, போளூர் போன்ற வெப்பம் மிகுந்த பகுதிகளில் மலையேறுவதற்கு மனம் விழையும் காலம் இதுவே. சித்திரையிலும் வைகாசியிலும் வெயிலில் காய்ந்த பாறை கால் வைக்கவொட்டாது சுடும். ஆவணியிலும் அனல் முற்றும் தணிவதில்லை. வடகிழக்குப் பருவமழை சில நாள் பெய்து ஓய்ந்தபின் பாறை குளிர்கிறது, சுனைகள் நிறைகின்றன, காய்ந்து கிடந்த சரிவுகளில் புல் தளிர்க்கிறது. புதர்களினூடே செங்காந்தள் மலர்ந்து நிற்கிறது. மேகம் மூடிய நாளில் நண்பகல் வரையிலும் களைப்பின்றி நடக்கலாம்.

இவ்வாறு மலைநடை செல்லும் வழக்கம் நகரத்து இளைஞர்களிடையே அண்மைக் காலத்தில் பரவியிருக்கிறது. நம் இல்லத்துப் பிள்ளைகளும் விடுமுறை நாட்களில் நண்பர்களுடன் குன்றுகளை நாடிச் செல்கின்றனர். திருமலைக்கும் பொன்னூர் மலைக்கும் வழிபாட்டின் பொருட்டுச் செல்வது நமக்குப் புதிதன்று. ஆனால், வழிபாடு எதுவும் கருதாமல் காற்று வாங்கவும் காட்சி காணவும் மட்டுமே மலையேறுவது தகுமா? சிராவக தருமம் அதற்கு இடந்தருகிறதா? சிறிய கேள்வி போலத் தோன்றினும், ஆராயப் புகுந்தால் இது அஹிம்சையின் இலக்கணத்தையே தொட்டு நிற்கிறது.

ஐயம் பிறக்கும் இடம்

ஆசாரிய சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், இல்லறத்தார்க்குரிய குணவிரதங்கள் மூன்றனுள் ஒன்றாக அநர்த்த தண்ட விரதத்தை வைத்துள்ளது. பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குவதே அவ்விரதம். அந்நூலின் கருத்துகளை அருங்கலச்செப்பு வாயிலாகத் தமிழிலும் நம் முன்னோர் பயின்று வந்துள்ளனர். அநர்த்த தண்டத்தின் ஐந்து வகைகளுள் ஒன்று பிரமாத சரியை எனப்படும் கவனமற்ற ஒழுக்கம். காரணமின்றி நிலத்தைக் கிளறுவதும், நீரை வீணே சிதறுவதும், தீ மூட்டுவதும், செடிகொடிகளை ஒடிப்பதும் இதில் அடங்கும். இவற்றோடு, வீணே அலைவதும் பிறரை அலையச் செய்வதும் இதன்பாற்படும் என்கிறார் ஆசாரியர்.

இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். உழவன் நிலத்தை உழுகிறான். வணிகன் தொலைவழி செல்கிறான். இல்லத்தரசி அடுப்பு மூட்டுகிறாள். இவற்றில் உயிர்க்கேடு நேர்வது உண்டு. எனினும் அது வாழ்க்கைத் தேவையைச் சார்ந்தது. இல்லறத்தான் அதனை முற்றும் விலக்க இயலாது என்பதை ஆசாரியர்கள் அறிந்தே விரதங்களை வகுத்தனர். மகிழ்ச்சிக்காக மலையேறுபவனுக்கு இச்சமாதானம் கிடையாது. அவன் ஏறாவிடினும் அவன் குடும்பம் பட்டினி கிடக்கப் போவதில்லை. அவ்வாறாயின், மலைநடை என்பது ஆசாரியர் விலக்கிய வீண் அலைச்சலேதானா? இதுவே நம் முன் உள்ள ஐயம்.

நடையை நிறுத்தியோர் வாழ்ந்த குன்றுகள்

மற்றுமொரு காரணத்தாலும் இவ்வையம் வலுப்பெறுகிறது. மலை மிக அழகாக இருக்கும் காலமே அது உயிர்களால் மிக நிறைந்திருக்கும் காலமும் ஆகும். மழைக்குப் பின் புற்றினின்று ஈசல் வெளிவருகிறது. மரவட்டையும் நத்தையும் வழியின் குறுக்கே ஊர்கின்றன. சிவந்த பட்டுத்துணுக்குப் போன்ற தம்பலப்பூச்சி மண்ணின் மேல் தோன்றுகிறது. பாறைக்குழிகளில் தேங்கிய, ஒரு சாண் ஆழமும் இல்லாத நீரில் தலைப்பிரட்டைகள் நீந்துகின்றன. பாறை மேல் படரும் பாசியோ, அளவிறந்த உயிர்கள் ஓருடலைப் பகிர்ந்து வாழும் சாதாரண வனஸ்பதி என்பது நம் ஆகமக் கொள்கை. விரைந்து நடப்பவர் கண்ணுக்கு அது கால் வழுக்கும் இடம் மட்டுமே.

இக்காரணம் பற்றியே துறவியர் மழைக்காலத்தில் ஊர்விட்டு ஊர் செல்லாது ஓரிடத்தில் தங்கினர். அதனையே சாதுர்மாசியம் என்கிறோம். மதுரையைச் சுற்றி எண்பெருங்குன்றம் எனப் போற்றப்பட்ட மலைகளிலும், அவற்றை ஒத்த பிற குன்றுகளிலும் காணப்படும் குகைத்தளங்கள் இவ்வாறு தங்குவதற்கு உதவின என்பது அறிஞர் பலரின் கருத்து. அங்குப் பாறையில் கற்படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. மழைநீர் உள்ளே வழிந்துவிடாதபடி குகை முகப்பின் மேற்புறத்தில் காடி வெட்டி நீரைத் திருப்பியிருக்கின்றனர். மாங்குளத்தில் 1882ஆம் ஆண்டு இராபர்ட் சுவெல் கண்டறிந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டளவிலானவை எனக் கருதப்படுகின்றன. நெடுஞ்செழியன் பெயரும், கணி நந்தாசிரியர் என்னும் துறவியின் பெயரும், அறம் செய்த வெள்ளறை வணிகக் குழுவினரின் குறிப்பும் அவற்றில் உள்ளன.

ஆகவே, இன்று நாம் நடந்து சென்று காணும் இவ்விடங்கள், உயிர்களுக்கு அஞ்சித் தம் நடையை நிறுத்திக்கொண்டவர்களுக்காக இல்லறத்தார் அமைத்துக் கொடுத்தவை. இதனை நினையாமல் படுக்கைகளை மட்டும் பார்த்துத் திரும்புவோர் கல்லைக் கண்டவராவரேயன்றி அதன் பொருளைக் கண்டவராகார்.

நாட்காட்டியா, நிலமா?

சாதுர்மாசியக் கணக்கில் தமிழ்நாட்டார்க்குச் சிறப்பாக எழும் ஒரு வினா உண்டு. திகம்பர மரபில் இவ்விரதம் ஆனி அல்லது ஆடித் திங்களில் தொடங்கி, பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய தீபாவளி நாளையொட்டி நிறைவுறுகிறது. வடநாட்டு நிலைக்கு இது முற்றும் பொருந்தும். அங்கே தென்மேற்குப் பருவமழை சூன் திங்களில் தொடங்கிச் செப்டம்பரில் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. தமிழகத்திலோ வடகிழக்குப் பருவமழை இயல்பாக அக்டோபர் 20ஆம் நாளளவில்தான் தொடங்குகிறது. டிசம்பர் வரை நீடிக்கிறது. தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி இம்மூன்று மாதங்களில் பெய்வது. எனவே, மரபின்படி நடை மீண்டும் தொடங்கும் நாளும், நம் மண்ணில் பெருமழை தொடங்கும் நாளும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன.

இந்நிலையில், விதியின் எழுத்தைக் கொள்வதா, அவ்விதி பிறந்த காரணத்தைக் கொள்வதா? காரணத்தையே கொள்ள வேண்டும் என்பதற்கு நம் பழைய நெறிகளிலேயே சான்று உண்டு. சுவேதாம்பர ஆகமமாகிய ஆசாராங்கம், நான்கு திங்கள் கழிந்த பின்னரும் வழியில் சிற்றுயிர்கள் மிகுந்திருந்தால் துறவி உடனே புறப்படலாகாது, மேலும் சில நாள் பொறுத்திருக்க வேண்டும் என்று கருதுகிறது. திங்கட்கணக்கு ஒரு வழிகாட்டி; முடிவு சொல்ல வேண்டியது காலடியில் உள்ள நிலம்.

இல்லறத்தாராகிய நமக்குச் சாதுர்மாசியக் கட்டுப்பாடு இல்லை. ஆயினும் அதன் காரணம் நமக்கும் பொதுவே. ஐப்பசி பிறந்துவிட்டது, பள்ளிக்கு விடுமுறை, ஆகவே மலையேறுவோம் என்பது நாட்காட்டியைப் பார்த்து எடுக்கும் முடிவு. நேற்று மழை பெய்திருக்கிறது, வழி இன்னும் ஈரமாக இருக்கிறது, ஈசல் எழும் நாளாயிற்றே, ஒரு வாரம் கழித்துப் போவோம் என்பது உயிர்களைப் பார்த்து எடுக்கும் முடிவு. பின்னதையே சிராவகர் கைக்கொள்ளத் தகும்.

வீட்டிலிருப்பதால் மட்டும் தூய்மை வருமா?

இவ்வளவும் கேட்டபின் சிலர், "வம்பு எதற்கு? மலைக்கே போகாமல் வீட்டில் இருந்துவிட்டால் பாவமில்லையே" எனக் கூறலாம். இம்முடிவு எளிதாகத் தோன்றும். ஆனால் நம் நெறி, தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்று வாயில்களாலும் வினை வரும் என்கிறது. அக்கணக்கில் வீட்டிலிருப்பவரும் தம்மை ஆராய்ந்துகொள்ள வேண்டியவரே.

இக்காலத்தில் புதுவீடு கட்டுவோர் பலரும் தரைக்கும் சமையல் மேடைக்கும் பளபளக்கும் கருங்கல் பலகைகளைப் பதிக்கின்றனர். அக்கல் எங்கிருந்தோ ஒரு குன்றை அறுத்துக் கொண்டுவரப்பட்டது. மதுரை மாவட்டத்தில் மேலூர், கீழவளவு முதலிய ஊர்களைச் சுற்றிக் குன்றுகள் பல இவ்வாறு அறுக்கப்பட்டன. அங்கு நடந்த கருங்கல் குவாரி முறைகேடுகள் 2012ஆம் ஆண்டில் வெளிவந்து நாடே பேசியது. மலையின் மேல் ஒருநாளும் கால் வையாதவர் வீட்டிற்கே ஒரு மலையின் துண்டு வந்து தரையாகக் கிடக்கிறது. ஒருவன் நடந்து மிதித்த பாசி அடுத்த மழையில் தளிர்க்கக் கூடும். அறுத்த குன்று மீண்டும் வளர்வதில்லை; அதில் வாழ்ந்த உயிர்களுக்கும் வேறிடமில்லை. இவ்விரண்டனுள் எது பெருந்தீங்கு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மேலூரை அடுத்த அரிட்டாபட்டியின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் திருவுருவமும் கொண்ட அவ்வூர்க் குன்றுகளும், அருகிலுள்ள மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 எக்டேர் நிலப்பரப்பு, 2022 நவம்பரில் தமிழகத்தின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. வல்லூறு வகைகளும் தேவாங்கும் எறும்புதின்னியும் அங்கு வாழ்கின்றன. அப்பகுதியை உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க 2024 நவம்பரில் ஏல உரிமை வழங்கப்பட்டது. ஊர்மக்கள் எதிர்த்தனர். 2025 சனவரியில் ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கித் திரண்டனர். அதே மாதத்தில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

அவ்வாறு எழுந்து நின்றவருள் சமணர் அரியர். நம் குடும்பங்கள் பெரும்பாலும் வடமாவட்டங்களில் வாழ்கின்றன. மதுரைக் குன்றுகளைச் சூழ்ந்த ஊர்களில் பூர்வீகச் சமணக் குடிகள் இன்று இல்லை. கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்தில் அய்யனாரை வணங்கும் மக்களே அம்மலையை இன்றளவும் தம்முடையதாகக் கொண்டிருக்கின்றனர். அங்குச் செட்டிப்புடவில் அமர்ந்துள்ள தீர்த்தங்கரரைச் செட்டியார் எனக் கருதி, அக்குகைக்கே அப்பெயர் இட்டவர்களும் அவர்களே. பெயர் தெரியாவிடினும் அவர்கள் அருகிலிருந்தார்கள். பெயர் தெரிந்த நாம் தொலைவிலிருக்கிறோம். 2010ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கிய பசுமை நடைக் குழுவினர் இக்குன்றுகளுக்கு மக்களை அழைத்துச் சென்று அவற்றின் வரலாற்றை எடுத்துக் கூறியதனால்தான், பலருக்கு இவை வெறும் கல்லல்ல என்பது விளங்கிற்று. எனவே, செல்லாதிருத்தல் எல்லாவிடத்தும் அஹிம்சையாகாது. அறியாமலும் அக்கறையின்றியும் விலகியிருப்பதும் பிரமாதத்தின் ஒரு முகமே.

கவனம் என்னும் பெயரால்

இனி மறுபக்கத்தையும் நோக்குவோம். தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிர் போவதை மட்டும் கூறாது, பிரமாதத்தை அதன் காரணமாக வைத்துப் பேசுகிறது. குந்தகுந்த ஆசாரியரும் பிரவசனசாரத்தில் இக்கருத்தை வலியுறுத்தியுள்ளார். கவனமற்றவன் காலடியில் எவ்வுயிரும் சாகாவிடினும் அவன் குற்றவாளியே. விழிப்புடையவனை அறியாது நேர்ந்த இறப்பு அவ்வாறு பிணிக்காது என்பது அவர் கொள்கை. "நான் கவனமாகத்தானே நடக்கிறேன், எனக்கு என்ன தடை?" என இதனைக் கேடயமாக்கிக் கொள்வது எளிது.

ஆனால் கவனம் என்பது நெஞ்சில் தோன்றும் ஒரு நல்லெண்ணம் மட்டும் அன்று. அது செயலில் காணப்பட வேண்டியது. ஐந்நூறு பேர் ஒரே காலையில் ஒரு குறுகிய பாறைச் சரிவில் ஏறினால், ஒவ்வொருவரும் நல்லெண்ணம் உடையவராயினும், பின்னால் வருபவர் கண்ணுக்கு முன்னால் செல்பவரின் முதுகுதான் தெரியும், நிலம் தெரியாது. அங்கே கவனம் என்பதே இயலாததாகிறது. பிறரை அலையச் செய்வதையும் ஆசாரியர் குற்றத்தில் சேர்த்தது எத்துணைப் பொருத்தம் என்பது இங்குப் புலனாகும். மலைநடைக்குப் பலரை அழைத்துச் செல்பவர், தம் காலுக்கு மட்டுமன்றி அத்தனை கால்களுக்கும் பொறுப்பேற்கிறார்.

நான்கு தூய்மைகள்

அவ்வாறாயின் எப்படி நடப்பது? முனிவர்க்குரிய ஈர்யா சமிதியை விளக்கும் மூலாசாரம், நடைக்கு வேண்டிய தூய்மைகள் நான்கைக் கூறுகிறது: வழித் தூய்மை, ஒளித் தூய்மை, கருத்துத் தூய்மை, பற்றுக்கோட்டுத் தூய்மை. முனிவர் அளவிற்கு நம்மால் இயலாது. எனினும் அவற்றின் சாயலையேனும் இல்லறத்தார் மேற்கொள்ளலாம்.

வழித் தூய்மை என்பது முன்னரே பலர் நடந்து தேய்ந்த வழியில் செல்லுதல். படிகள் உள்ள இடத்தில் படிகளைவிட்டு விலகுதல் கூடாது. குறுக்கு வழி தேடிப் புதரில் இறங்குவதும், தேங்கிய பாறைக்குழியில் கால் நனைப்பதும் வேண்டா.

ஒளித் தூய்மை என்பது கதிரவன் ஒளியில் நடத்தல். விடியுமுன் ஏறி உச்சியில் உதயம் காண்பதும், நிலவொளியில் ஏறுவதும் கண்ணுக்கு இனியவாகலாம். காலடியில் ஊர்வது அப்போது தெரியாது. இரவுண்ணாமையைக் கைக்கொள்ளும் நமக்கு, பொழுது சாயுமுன் இறங்கிவிடுவது இயல்பாகவே பொருந்தும்.

கருத்துத் தூய்மை என்பது முன்னே நான்கு முழ அளவு நிலத்தை நோக்கி நடத்தல். ஏறத்தாழ ஆறடி. உரையாடிக்கொண்டே நடப்பவர்க்கு இது கைகூடாது. காட்சியைக் காண விரும்பினால் நின்று காண்க; நடக்கும்போது நிலத்தைக் காண்க. பிள்ளைகளுக்கு இதனை ஒரு விளையாட்டாகவே கற்பிக்கலாம். வழியில் கண்ட உயிர்களை எண்ணிக்கொண்டு வரச் சொன்னால், அவர்கள் பெரியவர்களைவிட மிகுதியாகவே கண்டு கூறுவர். காந்தளைப் பறிக்க நீளும் கை, அதன் மேல் ஊரும் புழுவைக் கண்டபின் தானே பின்வாங்கும்.

பற்றுக்கோட்டுத் தூய்மை என்பது நடைக்கு ஒரு தக்க காரணம் இருத்தல். முனிவர்க்கு அது தலவழிபாடு, ஆசாரியர் தரிசனம், ஆகமக் கல்வி முதலியன. நமக்கு? அநர்த்தம் என்னும் சொல்லுக்குப் பயனின்மை என்பதே பொருள். எனவே பயனுள்ள நடை அவ்விரதத்திற்கு மாறுபட்டதன்று. கற்படுக்கைகளையும் கல்வெட்டுகளையும் கண்டு அறிதல், பிள்ளைகளுக்கு அவற்றின் வரலாற்றைக் கூறுதல், அடிவாரத்து ஊராரோடு அமர்ந்து பேசி அவர்கள் காத்து வருவது யாதென்று இருவருமாக உணர்தல் ஆகிய இவையெல்லாம் நல்ல பற்றுக்கோடுகளே. உடல் நலமும் மன அமைதியும் கூடப் பயனே. ஆனால் அப்பயன் ஊரடுத்த சாலையில் நடந்தாலும் கிடைக்குமாயின், மலையின் ஈரச் சரிவை அதற்காக மிதிக்க வேண்டுவதில்லை. சென்றதற்கு அடையாளமாகக் கற்படுக்கையில் தம் பெயரைக் கீறிவிட்டு வருபவர் பலர். அப்படுக்கைகளில் பெயர் பொறித்த பழையவர்கள், தாம் பிறர்க்குக் கொடுத்ததனைப் பொறித்தனர். ஒன்றும் கொடாதவர்க்கு அங்கே பெயர் எதற்கு?

இந்நான்கோடு தேசாவகாசிக விரதத்தின் கருத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். இன்று இந்த எல்லை வரை, இதற்கு அப்பால் இல்லை எனக் காலையிலேயே வரையறுத்துக்கொள்வது அவ்விரதம். இன்று பேச்சிப்பள்ளம் வரை மட்டுமே செல்வோம், உச்சிக்கு ஏறோம் என அடிவாரத்தில் முடிவு செய்துகொண்டு ஏறும் குடும்பத்தார்க்கு, வழியில் விரைவும் இல்லை, பிறரை முந்தும் எண்ணமும் இல்லை. வழியில் உயிர்கள் மிகுந்திருக்கக் கண்டால் பாதியில் திரும்பிவிடவும் அவர்களுக்குத் தயக்கம் தோன்றாது.

முடிவு

மலைநடை தகுமா என்னும் வினாவிற்கு ஆம், இல்லை என ஒரு சொல்லில் விடை கூறவியலாது. வீண் அலைச்சலை விலக்கிய ஆசாரியர், நடையை விலக்கவில்லை. நம் துறவியர் ஆண்டில் எட்டுத் திங்கள் நடந்தே வாழ்பவர்கள். எங்கே, எப்போது, எதற்காக, எவ்வளவு என்னும் நான்கையும் கேட்டுக்கொண்டு நடப்பவனுக்கு மலை ஒரு பாடசாலை. இவற்றைக் கேளாதவன் தன் வீட்டுக் கூடத்தில் நடந்தாலும் அவன் நடை அநர்த்தமாகலாம்.

ஆகவே வருகின்ற கூதிர்க்காலத்தில் பிள்ளைகள் மலைக்குச் செல்ல விரும்பினால், தடுக்க வேண்டா. மழை ஓய்ந்து வழி உலரும் வரை பொறுத்திருந்து அழைத்துச் செல்க. குகைத்தளத்தை அடைந்ததும் கற்படுக்கையின் அருகே சிறிது நேரம் பேசாது அமரச் செய்க. நான்கு திங்கள் நடவாதிருக்க ஒருவர் ஏன் உடன்பட்டார் என்பதை அவ்விடத்திலேயே அவர்களுக்கு விளக்குக. வீடு திரும்பியபின், தரைக்கு எந்தக் கல்லைப் பதிப்பது என்னும் பேச்சு வரும்போது, அப்பிள்ளைகள் ஏதேனும் கேள்வி எழுப்புவார்களாயின், அந்த நடை பயனுடையதாயிற்று எனக் கொள்ளலாம்.